படத்தில் விழுந்த கை

நான் எந்தத் தியேட்டருக்குள்ளும் கால் வைத்தவள் அல்ல. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். அந்தக் காலத்திலும் சிரித்தார்கள். மன்னார்ப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் உபதேசியாராக இருந்த என் அப்பா, சினிமாவைப் பசாசின் கண்ணாடி என்பார். படம் பார்த்தவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் பூசையில் நற்கருணை அப்பமான நன்மையை எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பத்துக் கட்டளைகளில் அப்படி ஒன்று இல்லையே என்று ஒருமுறை கேட்டேன். செபமாலை முழுவதையும் முழங்காலில் நின்று சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, வளர்ந்த பிறகு அந்தச் சட்டத்தை அப்பாவை விட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டவளும் நான்தான்.

சிறு வயதில் எங்கள் பூசை லத்தீனில் நடந்தது. ஒரு சொல்லும் விளங்காது. விளங்காததால் பயம் இருந்தது, பயம் இருந்ததால் முழங்கால் தானாக மடங்கியது. பிறகு எல்லாம் தமிழுக்கு வந்தது. பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். நன்மை எடுக்க நாங்கள் முழங்காலிட்ட மரக்கிராதியைப் பிடுங்கினார்கள். நான் ஆசிரியையாக வவுனியாவுக்கு மாற்றலாகி வந்தபோது, நெளுக்குளத்துக்கு அப்பால் இருந்த எங்கள் சின்னக் கோயிலின் கிராதி, சுவாமியாரின் குசினிக்குப் பின்னால் கோழிகளுக்கு வேலியாக நின்றது. அதன் மேல் சேவல் ஏறி நின்று கூவுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். முக்காடு போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தவர்கள் நானும் இரண்டு கிழவிகளும்தான். மற்றப் பெண்களுக்கு முக்காடு போட்டால் பூ கசங்கிவிடும்.

இதையெல்லாம் சொல்வது என்னை நியாயப்படுத்த அல்ல. நான் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் மீதியைப் படித்தால், அன்றைக்கு என் கை ஏன் அப்படிப் போனது என்பது விளங்காது.

எழுபத்தேழில் கலவரம் முடிந்த கையோடு மலைநாட்டிலிருந்து சனம் லொறி லொறியாக வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில்தான் அவர்களைத் தங்க வைத்தார்கள். வாங்குகளை ஒதுக்கிவிட்டுச் சாக்கு விரித்துப் படுத்தார்கள். பள்ளிக்கூடம் நடக்காததால் எனக்கு வேறு வேலை இல்லை. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்தியாவுக்கு, கொழும்புக்கு, எரிந்துபோன தோட்டக் குடியிருப்பு லயத்துக்குப் பக்கத்து லயத்துக்கு. வரிசையில் வந்தவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். முப்பது வயதிருக்கும். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத வராது.

“டீச்சர், இந்தியாவுக்கு ஒரு கடுதாசி. அம்மாவுக்கு. நான் உசுரோட இருக்கேன்னு எழுதுங்க.”

நான் எழுதினேன்: அன்புள்ள அம்மாவுக்கு, நான் இங்கு நலமாக இருக்கிறேன். அவர் தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, தான் சொன்னது இது இல்லையே என்றார். கடிதம் என்றால் இப்படித்தான் எழுதுவது என்று சொன்னேன். சரி டீச்சர் என்று மடித்து வாங்கிக்கொண்டார்.

அவருடைய தாயும் தம்பி தங்கைகளும் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு மூன்று வருடமாகியிருந்தது. இவருக்கு மட்டும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒரே லயத்து அறையில் ஒரே பானையில் சாப்பிட்டவர்களைக் கடதாசி இரண்டாகப் பிரித்தது. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்பார்களாம். அதன் யன்னலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை முடியும் மட்டும் ஓடியிருக்கிறார். அதுதான் அவர் தாயைக் கடைசியாகக் கண்டது.

அடுத்த வருடம் நான் அவரைக் கலியாணம் முடித்தேன். என் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. தோட்டத்து ஆள், அதுவும் சைவக்காரன் என்று என் பெரியப்பா எழுதிய கடிதத்தை நான் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆனால் அந்தக் கடிதம் எனக்குள் எரியவில்லை. இவரை அவர்கள் எல்லோரையும் விட நல்ல கத்தோலிக்கனாக்கிக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். ஞானஸ்நானத்துக்கு முன்பே மூன்று நிபந்தனை போட்டேன். ஞாயிறு தவறாமல் பூசை, ஒவ்வொரு பின்னேரமும் முழங்காலில் செபமாலை, இனி வாழ்நாளில் சினிமா இல்லை. முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார். மூன்றாவதற்கு என் முகத்தைப் பார்த்தார். நோன்பு காலத்துக்கு மட்டும்தானே என்று கேட்டார். இல்லை, எப்போதும்தான் என்றேன். சிரித்துக்கொண்டே அதற்கும் தலையாட்டினார்.

அவருக்குச் சினிமா எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போது தெரியாது என்று எழுதினால் அது பொய். தெரியும். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்களாம். தாய் இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். வில்லன் வந்தால் திரையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசுவாராம். இதைச் சொல்லும்போது இவர் தாயின் குரலிலேயே ஏசிக் காட்டுவார். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு, சரி, செபமாலைக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பியிருக்கிறேன்.

அவர் வாக்கு மாறவில்லை. அரிசி ஆலையில் வேலை. தவிடு படிந்த தலையோடு சைக்கிளில் போய் வருவார். ஒருநாள் நான் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது தியேட்டரின் பின்மதிலோடு அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது. பக்கத்தில் அவர் மதிலில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உள்ளே யாரோ அழுது வசனம் பேசுவது வெளியே கேட்டது.

“உள்ள போகல டீச்சர். காது மட்டுந்தான்.”

நடு ரோட்டில் நான் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். மறைத்துவைத்த ஏதோ ஒன்றைக் காட்டுகிற கூச்சத்தோடு சொன்னார். படமெல்லாம் இந்தியாவில்தானே எடுக்கிறார்கள். சந்தை, திருவிழா, ரயில் நிலையம் என்று கூட்டம் வரும் இடங்களில் அவர் கதாநாயகனைப் பார்ப்பதில்லையாம். பின்னால் நிற்கும் சனத்தைப் பார்ப்பாராம், அம்மா நிற்கிறாரா என்று.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப்போவதில்லை. “அது எல்லாம் நடிக்கிறதுக்குக் கூட்டிக்கொண்டு வந்த ஆக்கள். உங்கட அம்மா நீலகிரியில கொழுந்து எடுக்கிறா, அவா அங்க எப்பிடி வந்து நிப்பா?” என்றேன். அவர் ஓம் என்பதுபோலத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த மதிலோடும் சைக்கிள் நிற்கவில்லை.

நான் வீட்டுக்குள் விடாத சினிமா கோயிலுக்குள் தாராளமாக வந்தது. புதிதாக வந்த சுவாமியார் இளவயது. கிற்றார் வாசிப்பார், பாட்டுக் குழுவுக்குக் கைதட்டச் சொல்லிக் கொடுப்பார். எல்லோரும் அவரைப் பாதர் என்பார்கள். நான் மட்டும் விடாப்பிடியாகச் சுவாமி என்றே கூப்பிட்டேன். புதுப் பாட்டுகள் தொடங்கியதும் ஆண்கள் பக்க வாங்கில் என் மனிதரின் உதடு கொஞ்சம் விரியும். பூசை முடிந்து வரும் வழியில் ஏன் சிரித்தீர்கள் என்று குடைவேன். மாட்டேன் மாட்டேன் என்றுவிட்டுக் கடைசியில் சொல்லுவார்: காணிக்கைப் பாட்டு, படத்தில் மழையில் நனைந்து இருவர் ஆடும் பாட்டின் மெட்டு, நன்மைப் பாட்டு, கள்ளுக்கடையில் ஒருவன் பாடுவது. எனக்கு உடம்பெல்லாம் எரியும். மூன்று பக்கத்தில் எழுதிக்கொண்டுபோய்ச் சுவாமியாரிடம் கொடுத்தேன். சனம் சந்தோசமாகப் பாடுகிறதே டீச்சர் என்றார். சனம் சந்தோசமாக இருப்பதற்குத்தானா சேசுநாதர் சிலுவையில் தொங்கினார் என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் மதித்திருப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் மகளுக்கு முதல் நன்மை. அந்த வருடம் பதினொரு பிள்ளைகள். ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் அப்போது பெருகியிருந்தன. அங்கே இருப்பவர்கள் கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவீடு எதுவானாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். முதல் நன்மைக்கும் வீடியோ வேண்டும் என்று ஒரு வீட்டார் கேட்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுப்போம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் அறிவித்தார். நான் வாங்கில் இருந்தபடியே தலையை ஆட்டி இல்லை என்றேன். யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டைக்கு ஆயத்தமானேன். மகளை அன்றைக்கு அனுப்பமாட்டேன், வேறொரு நாள் தனியாக நன்மை எடுக்கட்டும் என்றேன். எட்டு வருடத்தில் என்னிடம் எதையும் கேட்காத மனிதர் அன்றைக்குக் கேட்டார். கெஞ்சினார் என்றுதான் சொல்லவேண்டும்.

“இந்த ஒரு தடவ விட்ருங்க டீச்சர். ஒரு காப்பி அம்மாவுக்கு அனுப்பலாம். அவுங்க இருக்கிற எடத்துல வீடியோ டெக் இருக்காம். நான் நடக்கிறத ஒரு வாட்டி பாத்துக்கட்டும்.”

பன்னிரண்டு வருடம். போட்டோ அனுப்பியிருக்கிறோம்தான், ஆனால் போட்டோவில் ஆள் நடப்பதில்லை. நானும் கல்லல்ல. சரி என்றேன்.

அதன் பிறகு இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் ஒரு நடிகர் இருந்தார். பூசை முடிந்ததும் கோயில் வாசல் மாமரத்தடியில் நின்று தாய்க்கு நேராகப் பேசுவது என்று வீடியோக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். கிணற்றடியில் குளிக்கும்போது ஒத்திகை நடக்கும். “அம்மா, நான் நல்லா இருக்கேன். இது ஒங்க பேத்தி.” வாளி கையில் இருக்க, கப்பித் தூணைப் பார்த்துப் பேசுவார். நான் சும்மா இருந்திருக்கலாம். நல்லா இருக்கேன் என்பது கொச்சை, நலமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கோ, கோயில் வளவுக்குள் பேசுவது என்று திருத்தினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாகக் காலடி வைப்பதுபோலப் பேசப் பழகினார். முடி வெட்டினார். வெள்ளைச் சட்டை ஒன்றைத் தானே தோய்த்து, தானே அயர்ன் பண்ணினார்.

அன்றைக்குப் பூசையில் நான் மட்டும்தான் செபித்தேன் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் கமராவைப் பார்த்தார்கள். வீடியோக்காரர் சப்பாத்துக் காலோடு பீடத்துப் படியில் ஏறி நின்றார். நற்கருணைப் பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோளில் கமரா, கமராவுக்கு மேல் கண்ணைக் குத்தும் விளக்கு. விளக்கின் வயர் கோயில் நடுவால் ஊர்ந்து வெளியே ஜெனரேட்டருக்குப் போனது. பிள்ளைகள் மெழுகுதிரியோடு வரும்போது, எங்கள் மகளை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தி நிறுத்தினார். பெற்றோர் அதுவரை வாங்கில் இருந்தோம். எங்களைப் படம் பிடிக்கவில்லை.

மகள்தான் குட்டை, அதனால் முதலாவது. பெற்றோர் இருவரும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்து நிற்பது வழக்கம். நான் இடது பக்கம், அவர் வலது பக்கம். சுவாமியார் நற்கருணையை உயர்த்தி, கிறிஸ்துவின் சரீரம் என்றார். மகள் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். நான் வீட்டில் பழக்கியபடியே நீட்டினாள். கையில் வாங்கும் புதுப் பழக்கம் எங்கள் பிள்ளைக்கு இல்லை. அப்போது வீடியோக்காரர் கையைக் காட்டினார்.

“பாதர், இன்னொருக்கா. உயர்த்திப் பிடிச்சபடி கொஞ்சம் நில்லுங்கோ. பிள்ளை வாயைத் திறந்து வச்சிருக்கட்டும்.”

சுவாமியார் நற்கருணையைப் பாத்திரத்துக்குள் இறக்கினார். திரும்பவும் தூக்கினார். கிறிஸ்துவின் சரீரம் என்று திரும்பவும் சொன்னார். நாடகத்தில் வசனத்தைப் பிழைவிட்டவன் திரும்பச் சொல்வதைப் போலச் சொன்னார். என் பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். கடவுளை உயர்த்தவும் இறக்கவும் ஒரு சப்பாத்துக்காரன் கட்டளை இடுகிறான், குருவானவர் கேட்டு நடக்கிறார். எனக்குக் கண் இருண்டது. சுவாமியாரின் கையையும் கமராவில் எரிந்த சிவப்புப் புள்ளி வெளிச்சத்தையும் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டடி முன்னால் வைத்து, வலது உள்ளங்கையைக் கமராவின் கண்ணில் வைத்து அழுத்தினேன்.

அவர் தடுமாறினார். கமரா சரிந்தது. மேலே இருந்த விளக்கு பீடத்துப் படியின் விளிம்பில் பட்டு வெடித்தது.

எண்பத்தாறில் வவுனியாவில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று யோசிப்பதில்லை. கோயில் முழுவதும் வாங்குகளுக்குக் கீழே போனது. வெள்ளைச் சட்டையும் பூமுடியும் போட்ட பதினொரு பிள்ளைகள் சீமெந்து நிலத்தில் குப்புறக் கிடந்தார்கள். சுவாமியார் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார். யாரோ ஆமி என்று கத்த, பின்வாசலால் பாதிச் சனம் வயலுக்குள் ஓடியது. அது விளக்குத்தான் என்று விளங்கியபோது, சத்தம் கேட்டு ஆமி வந்தால் தன் கமரா போய்விடும் என்ற பயத்தில் வீடியோக்காரர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார். பாட்டு இல்லை, மணி இல்லை. சுவாமியார் கடகடவென்று நன்மையைக் கொடுத்து முடித்தார். எந்த மரியாதையைக் காப்பாற்ற நான் கையை நீட்டினேனோ அது என் கையாலேயே அன்றைக்கு நாசமானது. என் மகள் அழுதழுது தன் முதல் நன்மையை விழுங்கினாள்.

என் மனிதர் ஒரு பழைய விளக்குமாற்றை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினார். பிள்ளைகள் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்றார். மாமரத்தடியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டில் நான் அந்தச் சட்டையைத் தோய்க்க எடுத்தபோது பொக்கற்றில் மடித்த தாள் ஒன்று இருந்தது. எழுதத் தெரியாதவர் எழுதியிருந்தார். கோணல் மாணலான பெரிய எழுத்து. அம்மா நான் நல்லா இருக்கேன். நான் திருத்திக் கொடுத்த வசனம் அதில் இல்லை.

மற்றப் பத்து வீட்டாரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க ஒரு வருடம் சென்றது. வீடியோக்காரர் எடுத்த மட்டும் இரண்டு கசட்டில் பதிந்து அனுப்பியிருந்தார். ஒன்றைச் சுவாமியார் வைத்துக்கொண்டார். இவர் சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. என்ன இருக்கிறது என்று கேட்டேன். பிள்ளை மெழுகுதிரியோடு வருவது வடிவாக விழுந்திருக்கிறது, பிறகு உங்கள் கை, அத்தோடு முடிந்தது என்றார். பிள்ளையாவது தெரிகிறதே, அனுப்புவோம் என்றார். கொழும்பு வழியாகத் திருச்சிக்குப் போன ஒரு வியாபாரியிடம் மற்றக் கசட்டைக் கொடுத்துவிட்டோம்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவருடைய அம்மாவான மாமிக்கும் எழுதத் தெரியாது. அங்கே எழுதிக் கொடுத்தவர் என்னைப்போல ஆசிரியர் இல்லை. சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். இவர் வாசலில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தார், நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“பேத்தியப் பாத்தேன். அப்பறம் ஒன்னையத் தேடினேன். ஒன் வெள்ளச் சட்டை ஓரமா தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ என்னப் பாத்துக் கைய நீட்டிட்ட. எனக்குத் தெரியாதா ஒன் கைய, கோச்சியில அத நான்தானே புடிச்சிருந்தேன். நானும் டிவி மேல கைய வச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. மறுபடியும் போடச் சொல்லி மறுபடியும் வச்சேன்.”

அவர் வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தார். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பதில் எழுதுவோமா என்று கேட்டார். நான் தாளும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன்.

“கை என்னோடதுன்னே எழுதுங்க டீச்சர்.”

பள்ளிக்கூடத்தில் எட்டாம் கட்டளையை வருடா வருடம் படிப்பிப்பவள் நான். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. ஒரு சின்னப் பிள்ளை சிலேட்டுப் பென்சிலுக்காகப் பொய் சொன்னதற்கு வெயிலில் நிற்கவிட்டிருக்கிறேன். அன்றைக்கு எழுதினேன்: ஆமாம்மா, அது என் கைதான். அவர் சொன்ன ஒரு சொல்லையும் திருத்தவில்லை. ஒன்பது வருடமாக அவருடைய கடிதங்களின் அடியில் நானாகச் சேர்த்துவிடும் கர்த்தரின் ஆசீர்வாதத்தையும் சேர்க்கவில்லை. பொய்க்குக் கீழே அதை எழுதக் கை வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதே சுவாமியார். முன்பெல்லாம் மரக்கூட்டுக்குள் முகம் தெரியாமல் இருந்து சொல்வோம். இப்போது இரண்டு கதிரை, எதிரெதிரே. கையை நீட்டியதைச் சொன்னேன், பொய் எழுதியதைச் சொன்னேன். என் அப்பாவின் காலத்துச் சுவாமிமாராக இருந்தால் என்னை உலுக்கி எடுத்திருப்பார்கள். பெரிய அபராதம் போட்டிருப்பார்கள், நானும் அதைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்திருப்பேன். இவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஒன்று பக்தியால் செய்தது, மற்றது அன்பால் செய்தது, இரண்டும் பாவமில்லை டீச்சர் என்றார். அபராதம் தாங்கோ சுவாமி என்று கேட்டேன். ஆக வேண்டுமானால் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லுங்கோ என்றார். ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. பாவத்தின் நிறை தெரியாத இந்தப் புதுக் கோயிலின் மேல் எனக்கு வந்த கசப்பு இன்னும் போகவில்லை. மன்னிப்பைத் தண்ணீராகக் கலக்கி ஊற்றினால் அது யாருக்குப் பிடிக்கும்?

அடுத்த வருடம் இந்திய ஆமி வந்தது, சண்டை வந்தது, கடிதம் நின்றது. எண்பத்தொன்பதில் ஒருநாள் இந்தியாவிலிருந்து அவருடைய தம்பியின் கடிதம் ஒன்று கசங்கிப்போய் வந்து சேர்ந்தது. மாமி இறந்து ஏழு மாதமாகியிருந்தது. அவர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொல்லையில் விறகு கொத்தினார். அடுப்புக்குத் தேவைக்கும் அதிகமாகக் கொத்தினார். எனக்கு அவரைத் தேற்றத் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பகலில் டெக் போட்டுப் படம் காட்டினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கோ, அந்த வாக்கிலிருந்து உங்களை விடுகிறேன் என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது.

“வேணாம் டீச்சர். இனிமே கூட்டத்துல யாரத் தேடுறது?”

கோடரியைச் சாத்திவிட்டுக் கை கழுவப் போனார். நான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அறைவீட்டுக்கு நடந்தேன். அந்தக் கசட்டைப் போடுங்கோ என்று சுவாமியாரைக் கேட்டேன். யாரும் போடாத அபராதத்தை நானே போட்டுக்கொண்டேன் என்பதுதான் என் எண்ணம். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அலுமாரியில் தேடி எடுத்தார்.

நாற்பத்திரண்டு வயதில் நான் பார்த்த முதல் படம் அது. கோயில் முகப்பு வந்தது. பிள்ளைகள் மெழுகுதிரியோடு வந்தார்கள். என் மகள் வாயைத் திறந்தாள். சுவாமியார் நற்கருணையை உயர்த்தினார், இறக்கினார், உயர்த்தினார். அதற்குப் பிறகு, எனக்கு இத்தனை காலம் தெரியாத ஒன்று. கமரா சுவாமியாரை விட்டுவிட்டது. அவர் காத்து நிற்கும் நேரத்தில் அது மகளின் வலது பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளைத் தோள்பட்டை வந்தது. புதிதாக முடி வெட்டிய காதோரம் வந்தது. கன்னம் வந்தது. அந்தக் கன்னம் கமராவை நோக்கி, ஒரு சிரிப்போடு திரும்பிக்கொண்டிருந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் என் உள்ளங்கை வந்தது.

நான் நற்கருணையை மறைக்கவில்லை. அவரைத்தான் மறைத்திருக்கிறேன். அவர் அறைவீட்டில் இதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, பிறகு உங்கள் கை, அத்தோடு முடிந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

திரை கறுப்பானது. சுவாமியார் கசட்டை எடுக்க எழும்பினார்.

“இன்னொருக்காப் போடுங்கோ, சுவாமி” என்றேன்.